பேர் சொல்லாத ஜெபம்

மேபல் அக்கா ஜெபிக்கத் தொடங்கினால் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார்கள். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையை ஒட்டிய அந்தத் தெருவில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு மாற்றி வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டுக்காக வருகிறவர்கள் உண்டு. முடிவில் கிடைக்கும் சுண்டலுக்கும் காபிக்கும் வருகிறவர்களும் உண்டு. ஆனால் கூட்டம் சேருவது மேபல் அக்காவின் ஜெபத்துக்குத்தான். அதில் பக்தி இருக்கும், கண்ணீர் இருக்கும், வேறெங்கும் கேட்டிராத இரண்டு மூன்று தகவலும் இருக்கும்.

அவள் வம்பு பேசுகிறவள் அல்ல. அப்படிச் சொன்னால் பாவம் நமக்குத்தான். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு முப்பது வருஷமாக ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் டேப் இடுப்பைச் சுற்றும்போதே மனதிலிருப்பதைக் கொட்டிவிடுவார்கள். கேட்டதை அவள் ஒரு மனுஷியிடமும் சொன்னதில்லை. கடவுளிடம் மட்டுமே சொன்னாள். கடவுளிடம் சத்தமாகச் சொன்னாள் என்பதுதான் சங்கதி.

சத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டதற்கும் ஒரு கதை இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஜெபம் நான்கு வரிதான். அப்போதிருந்த ஐயரம்மா, அதாவது சபைப் போதகரின் மனைவி, அவளைக் கூப்பிட்டு, "பெத்த அப்பாகிட்டப் பேசுத மாதிரி விவரமாப் பேசணும் மேபல். என்ன வேணும், யாருக்கு வேணும், எதுக்கு வேணும், எல்லாம் சொல்லணும்" என்றார். வாழ்க்கை தனக்குப் பாடம் நடத்துகிறது என்பதில் மேபலுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. தினமும் விடியற்காலையில் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்துவிட்டு, "ஆண்டவரே, எனக்கு ஞானத்தைத் தாரும்" என்று முழங்காலில் நின்று கேட்பாள். கேட்டுவிட்டு எழுந்தால் அன்றைக்குக் கண்ணில் படுவதெல்லாம் பாடம்தான். ஐயரம்மா சொன்னது முதல் பாடம். அதை அவள் ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்தாள்.

அவள் கணவர் ஆசீர்வாதம் அரசுப் பேருந்தில் டிரைவர். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

இரண்டாவது பாடம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்தது. அங்கே மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர், மேபலின் தெருக்காரர், குடிக்க ஆரம்பித்திருந்தார். மனைவி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த இடத்தில் அழுதுவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை மேபல் அவர் பேரைச் சொல்லி, அவர் எந்தக் கடைக்குப் போகிறார், யாரோடு போகிறார் என்பதையும் சொல்லி, உருக்கமாக விடுதலை கேட்டாள். மறுநாள் அந்த மனுஷன் குடிக்காமலேயே வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"ஏ மேபலு! ஒங்க ஆண்டவருக்கு என் பேரு தெரியாதா? நீதான் எடுத்துச் சொல்லணுமோ?"

மேபல் அரண்டுபோனாள். ஆனால் பாடத்தைக் கற்றுக்கொண்டாள். இனி ஜெபத்தில் யார் பேரையும் சொல்லக் கூடாது. அடுத்த வாரம், "கரிவலத்துல மாட்டாஸ்பத்திரியில வேலை பாக்குத, மூணு பொம்பளைப் பிள்ளையைப் பெத்த ஒரு சகோதரனைத் தொட்டருளும் ஆண்டவரே" என்று ஜெபித்தாள். பேர் சொல்லவில்லையே! ஞானம் கேட்டவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை. வருஷக்கணக்காக இந்த முறையிலேயே ஜெபித்து வந்தாள். யாரைப் பற்றி என்று கண்டுபிடிப்பது கூட்டத்துப் பெண்களுக்கும் காபி குடிக்கும் நேரத்துக்கு ஒரு வேலையாயிற்று.

இந்த வருஷம் சித்திரையில் அவளுடைய மகள் ஷைனி சென்னையிலிருந்து திரும்பி வந்தாள். வேலை பார்த்த கம்பெனியில் லீவு போட்டிருப்பதாகச் சொன்னாள். வந்தவள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, குளிக்கச் சொன்னால் அழுதாள். நன்றாகச் சிரித்துப் பேசி, அம்மாவைக் கேலி செய்து வளர்ந்த பிள்ளை, சுவரைப் பார்த்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. ஆசீர்வாதம்தான் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். இது மனச்சோர்வு, சுகர் பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி, ஒரு வருஷமாவது மாத்திரை சாப்பிட வேண்டும், சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார்.

மேபலுக்குக் கல்யாணக் கவலைதான் முதலில் வந்தது. இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகாத பிள்ளை. வெளியே தெரிந்தால் எவன் வருவான்? கேட்டவர்களிடமெல்லாம், "வீட்டுல இருந்தே வேலை பாக்கா, கம்ப்யூட்டர் முன்னால இருந்து எந்திரிக்கவே நேரமில்ல" என்றாள். மாத்திரை டப்பாவை நூல்கண்டு வைக்கும் பெட்டிக்கடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஷைனியிடம் சத்தியம் வாங்கினாள். ஷைனி கசப்பாகச் சிரித்து, "நான் யார்கிட்டச் சொல்லப்போறேன்? நீ சொல்லாம இருந்தாச் சரி" என்றாள்.

ஆனால் தாய்மனசு கேட்கவில்லை. ஒருத்தியாக முழங்காலில் நின்று கேட்டால் போதாது, சபையே சேர்ந்து கேட்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. பிள்ளைக்காக ஊரே ஜெபிக்க வேண்டும், ஊருக்குப் பிள்ளை யாரென்று தெரியவும் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்கும் வழி அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஜெபித்த ஜெபம் அவள் வாழ்க்கையிலேயே உண்மையான ஜெபம். "ஆண்டவரே, இந்தத் தெருவுல ஒரு பொம்பளைப் பிள்ளை ராத்திரி தூங்காமக் கெடக்கு. சாப்பாடு எறங்கல. மனசுல நோவுன்னு டாக்டரம்மா மாத்திரை குடுத்திருக்காவ. அதோட எதிர்காலத்தை நெனச்சி ஒரு தாய் அழுதுக்கிட்டிருக்கா. வெளிய சொல்ல முடியாம மறைச்சி வச்சிருக்கா. அவ கண்ணீரைத் துடையும் அப்பா." சொல்லும்போதே குரல் உடைந்தது. எல்லாப் பெண்களும் அழுதார்கள். "ஆமென்" என்றபோது வீடு அதிர்ந்தது. மேபலுக்கு மனசு லேசாயிற்று.

காபி வந்தது. பெண்கள் விரல் விட்டு எண்ணினார்கள். தெருவில் கல்யாண வயதில் சபைப் பெண்பிள்ளை யார் யார்? மேபல் மகள் ஷைனி இருக்கிறாள், ஆனால் தன் மகளைப் பற்றி யாராவது இப்படிச் சபையில் சொல்வார்களா, அதுவும் மேபல்? அவளுக்குத்தான் கம்ப்யூட்டரை விட்டு எழ நேரமில்லையே. மிச்சம் ஒருத்திதான். நான்கு வீடு தள்ளி இருக்கும் ரத்னாபாயின் மகள் ஜெனிட்டா. ராயகிரியில் மாப்பிள்ளை முடிந்து, கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. பிள்ளை ஒரு மாதமாக இளைத்திருக்கிறதே!

இரண்டு நாள் கழித்து ஒருத்தி மேபலிடம் ஜாக்கெட் வாங்க வந்தவள் பேச்சோடு பேச்சாக, "ஜெனிட்டாவுக்கு நீதான தைக்க? அளவு எதுவும் கொறஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாட்டி, ரெண்டு இஞ்ச் கொறஞ்சிருக்கு. நிச்சயத்துக்குத் தச்ச ஜாக்கெட்டப் பிரிச்சித் திருப்பித் தச்சேன்" என்றாள் மேபல். தொழில் விஷயத்தில் அவள் பொய் சொல்ல மாட்டாள். ஜெனிட்டா போட்டோவில் ஒல்லியாகத் தெரிய வேண்டுமென்று ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருந்தது அவள் வீட்டுக்கு வெளியே மேபலுக்கு மட்டுமே தெரியும். அதை யாரும் கேட்கவில்லை.

கேட்டவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர் ஆராதனையில் அறிவிப்பார். ஜெனிட்டாவுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த வியாழக்கிழமை மத்தியானம் ரத்னாபாய் மேபலின் முன்னறைக்கு வந்து, மிஷின் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலை கலைந்திருந்தது.

"மேபலக்கா, ராயகிரியில இருந்து போன் வந்துச்சி. ரெண்டாவது ஓலைய நிறுத்தி வைக்கச் சொல்லுதாவ."

"ஏன், என்னவாம்?"

"பிள்ளைக்கு மனநோவாம். மாத்திரை சாப்பிடுதாளாம். நாங்க மறைச்சிக் கெட்டிக் குடுக்கப் பாக்கோமாம். எவ நாக்குல இருந்து வந்துச்சின்னே தெரியலக்கா. ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கலன்னா சபை முழுக்கக் கேக்கும். எம்பிள்ள ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருக்கா."

மேபலின் கால் மிஷினின் மிதியில் அப்படியே நின்றது. ஊசி துணியில் மாட்டிக்கொண்டது. எவள் நாக்கு என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் அவள் சொன்னது. தூங்காத பிள்ளை, இறங்காத சோறு, மறைத்து வைத்த தாய். பேர் மட்டும்தான் அவள் விட்டது. விட்ட இடத்தில் ஊர் தன் இஷ்டத்துக்கு ஒரு பேரை வைத்துக்கொண்டது.

ரத்னாபாய் மண்டியிட்டாள். "நீ ஜெபிச்சா ஆண்டவர் கேப்பாருக்கா. இப்பமே ஒரு ஜெபம் பண்ணு" என்று மேபலின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

மேபல் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. விவரமாகப் பேச வேண்டும் என்று ஐயரம்மா சொல்லியிருந்தாரே, என்ன விவரத்தைப் பேசுவது? "அப்பா" என்றாள். "அப்பா" என்று திரும்பவும் சொன்னாள். பிறகு ஆமென் சொல்லிவிட்டாள். இவ்வளவு சின்ன ஜெபத்தை அவளிடமிருந்து யாரும் கேட்டதில்லை. பாரத்தால் அவளுக்கு வார்த்தை வரவில்லை என்று நினைத்து ரத்னாபாய் இன்னும் அதிகமாக அழுது, நன்றி சொல்லி, அவள் கையில் முத்தமிட்டுப் போனாள். மேபலுக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

முப்பது வருஷமாகக் கேட்ட ஞானம் அன்றைக்குக் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அவளுக்கு அது வேண்டாம் என்றிருந்தது. செய்ய வேண்டியது என்ன என்பதில் துளி சந்தேகமில்லை. அதைச் செய்தால் ஷைனியின் வாழ்க்கை என்னாகும் என்பதிலும் சந்தேகமில்லை. ரத்னாவின் பிள்ளையைக் காப்பாற்றத் தன் பிள்ளையை ஊர் வாயில் போட வேண்டும். மறுநாள் காலையில் முழங்காலில் நின்று, ஞானம் கேட்பதை விட்டுவிட்டு, வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு வழி தோன்றவும் செய்தது.

ஷைனி அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு வாரமாக மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. குளித்துத் தலை வாரியிருந்தாள். மேபல் நடந்ததையெல்லாம் சொன்னாள், ஜெபத்தில் சொன்னதையும் சேர்த்து. பிறகு, "நான் ராயகிரிக்குப் போயி, அது வேற ஊருப் பிள்ளை, தென்காசிப் பக்கம், எனக்குத் தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டு வந்துருதேன்" என்றாள்.

ஷைனி டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் மாத்திரை சாப்பிடுதத ஒனக்குச் சபையில சொல்லணும்னு தோணிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயாம்மா?"

"பேரு சொல்லலட்டி."

"அதான் பிரச்சினையே. பேரு சொல்லிருந்தா எனக்கு மட்டும் போயிருக்கும். இப்ப ஜெனிட்டாவுக்குப் போயிருச்சி. தென்காசிப் பக்கம்னு சொன்னா அங்கன இன்னொரு பிள்ளையக் கண்டுபிடிப்பாவ."

மேபல் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். "ஒனக்கு ஒரு நல்லது நடக்கணும்னுதான்டி..." என்றாள். அது பொய்யில்லை. அவள் ஜெபித்த எதுவுமே பொய்யில்லை, அதுதான் கஷ்டம்.

ஷைனி கீழே வைத்த டம்ளரை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அவளுக்குக் கோபம் இருந்தது, அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "ரத்னா சித்தி எனக்கு நெஞ்சுச்சளி வந்தப்ப ராப்பகலா என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு இருந்திருக்காவன்னு நீதான் சொல்லுவ" என்றாள் கடைசியில். "நான் வாரேன். நான் சொல்லுதேன். நீ தனியாப் போனா அங்க ஒரு ஜெபம் பண்ணிட்டு வந்துருவ."

சனிக்கிழமை காலையில் இருவரும் ராயகிரி பஸ் ஏறினார்கள். வெயில் அப்போதே உறைத்தது. வழியெல்லாம் மேபல் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது ஜெபமாகவே வந்தது, "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தை" என்றே ஆரம்பித்தது. ஷைனி ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனாள். மகள் தன் தோளில் சாய்ந்து தூங்கியதில் மேபலுக்கு ஒரு பக்கம் சந்தோஷம். பஸ் பாதி வழியில் பஞ்சராகி நின்றால் நன்றாயிருக்கும் என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

மாப்பிள்ளையின் அம்மா பொன்மலர் ராயகிரிச் சபையில் பெண்கள் கூட்டத்துச் செயலாளர். இருவரையும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொண்டுவந்து, "என்ன விசயமா இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள். கேட்கிற முகத்திலேயே பதில் பாதி தெரிந்திருந்தது.

மேபல் தொண்டையைச் செருமினாள். "அதாவது, எங்க தெருவுல வெள்ளிக்கெழம தோறும் வீட்டுக்கூட்டம் நடக்குமில்லா, அதுல போன வாரத்துக்கு முந்தின வாரம் ஜெபக்குறிப்பு எடுக்கையில..." என்று அவள் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கும்போதே ஷைனி குறுக்கிட்டாள்.

"அத்தை, அந்த ஜெபத்துல வந்த பிள்ளை நான்தான். எனக்கு மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடுதேன், இப்பப் பரவாயில்ல. அம்மா எம்பேரச் சொல்லல, அதனால ஊருல ஜெனிட்டான்னு நெனச்சிட்டாவ. அவ ஒல்லியாகணும்னு ராத்திரி சாப்பிடுததில்ல, வேற ஒண்ணுமில்ல."

பொன்மலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேபல் தலையைக் குனிந்துகொண்டு, "எம்மேலதான் தப்பு. என் பிள்ளைக்காகத்தான் அழுது ஜெபிச்சேன். பழி ரத்னா பிள்ளை மேல விழுந்துட்டு" என்றாள். இதைச் சொல்ல ஒரு மூச்சுதான் ஆயிற்று. பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்கூட அதில் இல்லை.

"ஐயோ, நாங்க சந்தேகமெல்லாம் படலக்கா" என்றாள் பொன்மலர். "எதுக்கும் ஒரு வாரம் ஜெபிச்சிட்டு வாசிக்கலாமேன்னுதான் சொன்னோம்." சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். ஐயரிடம் நாளைக்கு ரெண்டாவது ஓலையை வாசித்துவிடலாம் என்றாள். அப்புறம் ரத்னாபாயைக் கூப்பிட்டு, கல்யாணப் புடவை எடுக்க என்றைக்கு வரட்டும் என்று ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டாள். மறுமுனையில் ரத்னாபாய் அழுவது மேபலுக்குக் கேட்டது. ஓலை வாசிப்பதில் தடை வந்ததற்குக் காரணம் ஜெபம்தான். தடை நீங்கியதற்கும் மேபல் அக்காவின் ஜெபம்தான் காரணம் என்று ரத்னாபாய் சபையில் எழுந்து சாட்சி சொல்லப்போகிறாள் என்பது மேபலுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவளிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் ராயகிரிக்கு வந்தது லேசான காரியமாகத் தெரிந்தது.

பொன்மலர் போனை வைத்துவிட்டு ஷைனியைப் பார்த்தாள். முகமெல்லாம் இரக்கம். அந்த முகத்தை மேபலுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக அவளே வைத்துக்கொண்டிருந்த முகம் அது.

"கவலப்படாதிய மேபலக்கா. வார கூட்டத்துல நாங்க எல்லாரும் சேந்து ஜெபத்துல வச்சிக்கிடுதோம்" என்றாள் பொன்மலர். குரலைத் தாழ்த்தி, "பேரெல்லாம் சொல்ல மாட்டோம். சங்கரன்கோயில்ல ஒரு பிள்ளைன்னு மட்டும் சொல்லிக்கிடுவோம்" என்று ஆறுதலாகச் சேர்த்தாள்.

மேபல் மகளைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, கண்ணால் கேட்டாள். ஷைனி காபியை உறிஞ்சிக்கொண்டே சரியென்று தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் பொன்மலர்" என்றாள் மேபல். "பேரச் சொல்லியே ஜெபிங்க. ஷைனி. தையக்கார மேபல் மக ஷைனி. சங்கரன்கோயில்ல பிள்ளைக நெறைய இருக்கு."